அயினிவிளைப் பெண்கள் இழுத்த வடம்

ஒருத்தியை ஊரைவிட்டு விலக்கிவைக்கப் பெரிய கூட்டமெல்லாம் கூட்ட வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் 'மேடம்' என்ற ஒரு சொல்லும் போதும். அயினிவிளை ஊர் ரெஜிலாவுக்கு அதைத்தான் செய்தது.

பக்கத்து வீட்டில் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் பெண்களெல்லாம் பந்தலில் பாய் விரித்து உட்கார்ந்து, அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரெஜிலா தன் வீட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு ஆசையாகப் போனாள். அவள் தலையைக் கண்டதுமே ராகேல் எழுந்துவிட்டாள். ராகேல், சபையின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். சின்ன வகுப்பில் ரெஜிலாவும் அவளும் ஒரே பெஞ்சு.

"வாங்க ரெஜிலா மேடம், இப்பிடி இருங்க" என்று நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். யாரோ காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். இன்னொருத்தி கத்தியைப் பணிவாக வாங்கி அப்பால் வைத்தாள். கீழே இருபது பெண்கள் வம்பளந்து சிரித்துக்கொண்டிருக்க, மேலே ஒருத்தி மட்டும் கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் செல்வனிடம் சொல்லி அழுதாள். செல்வனுக்கு இந்தத் துயரம் பிடிபடவில்லை. ஆண்களுக்கு ஊர் திரும்புவது லேசான காரியம். வந்த வாரத்திலேயே டீக்கடை பெஞ்சில் அவனுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அதற்கடுத்த வாரம் யாருடனோ சண்டையும் போட்டாகிவிட்டது. அதற்கு மேல் ஓர் ஆணுக்கு என்ன வேண்டும்?

"அங்கயே திரும்பிப் போயிருவோமா?" என்றாள் ரெஜிலா. அயர்லாந்தில் அவள் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் அவள் இடத்தை ஜனவரி கடைசி வரைக்கும் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நீ சொல்லதுதான். எனக்கு இஞ்சயும் மழை, அங்கயும் மழை" என்றான் செல்வன்.

பொங்கல் முடியட்டும், அதற்குள் இந்த ஊர் தன்னை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் பெட்டியைக் கட்டிவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். அவளுக்குப் போக இஷ்டமில்லை. சாகும்வரை இந்த ஊரில் இருக்கத்தான் வந்திருந்தாள்.

கீரிப்பாறை மலைக்குக் கீழே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது அயினிவிளை. ரெஜிலாவின் அப்பா ரசலையன் எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டினார். அம்மா நேசம்மாள் அதே எஸ்டேட்டில் பால் எடுத்துச் சுமந்தாள். இரண்டு பேர் உழைப்பிலும் மகள் நர்சிங் படித்தாள், சவூதிக்குப் போனாள், அங்கிருந்து அயர்லாந்துக்குப் போனாள். ரோஸ்காமன் என்ற மாவட்டத்தில், பசுக்களும் கல்வேலிகளும் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிற ஒரு நாட்டுப்புறம். நோரீன் என்ற விவசாயப் பெண்மணியின் தோட்டத்துச் சிறு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

முதல் வருடம் அவளிடம் பேச்சு என்று ஒன்று கொடுத்தவை மாடுகள்தான். மனிதர்கள் சிரிப்பார்கள், மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள், போய்விடுவார்கள். அந்தக் கோடையில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குள் பெண்கள் வடம் இழுக்கும் போட்டி வந்தது. நோரீனின் அணியில் ஓர் ஆள் குறைந்தது. அவள் ரெஜிலாவின் கதவைத் தட்டி, மேலும் கீழுமாக ஒருதரம் பார்த்தாள். "நீ தினமும் கிழவர்களைத் தூக்கிக் கட்டிலில் போடுகிறவள்தானே? வா" என்றாள். வேறு தகுதி ஒன்றும் அவள் கேட்கவில்லை.

அங்கே வடம் இழுப்பது விளையாட்டு இல்லை, கிட்டத்தட்ட ஊழியம். அடியில் இரும்பு வைத்த பூட்சு. கையால் வெட்டி இழுக்கக் கூடாது. வடத்தைக் கக்கத்தில் இடுக்கி, குதிகாலை மண்ணில் புதைத்து, உடம்பைப் பலகை போல் பின்னால் சாய்த்து நிற்க வேண்டும். எதிரணி இழுத்து இழுத்துக் களைக்கும்வரை நிற்க வேண்டும். மூச்சு வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் ஒன்றாக ஓரடி. வடத்துக்கு வெளியே ஒருத்தி நின்று குரல் கொடுப்பாள், அந்தக் குரலுக்குத்தான் எட்டுப் பேரும் அசைய வேண்டும். அங்கே குரல் நோரீனுடையது.

அந்தப் போட்டியில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் மறுநாளிலிருந்து ரெஜிலாவை யாரும் சும்மா விடவில்லை. மழை வரப்போகிறது, வைக்கோலை ஏற்ற வேண்டும் என்றால் நோரீன் ஜன்னலைத் தட்டுவாள், கேட்கமாட்டாள், "வா" என்பாள். நோரீனின் கணவர் இறந்தபோது வட்டாரமே வரிசையில் வந்து வீட்டில் நின்று கைகுலுக்கிப் போனது. அன்று நோரீனின் தங்கை ஒன்றும் சொல்லாமல், பாத்திரம் துடைக்கிற ஒரு துண்டை ரெஜிலாவின் தோளில் போட்டாள். ரெஜிலா பகல் முழுக்க டீக்கப் கழுவினாள். கல்வேலிக்கு நடுவில் தனக்கு ஒரு சொந்தம் முளைத்துவிட்டது என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

கொரோனா வந்த வருடம் நேசம்மாள் நெஞ்சுவலியில் போய்விட்டாள். ரசலையன் முன்பே போனவர். விமானம் கிடையாது. முதியோர் இல்லத்தின் சாமான் அறையில் நின்றுகொண்டு, ரெஜிலா அம்மாவின் அடக்கத்தைப் போனில் பார்த்தாள். படம் நின்று நின்று வந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் முழுதாக நின்றுபோனது. அதன்பிறகு அவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. மகளை அங்கேயே ஒரு வேலையில் சேர்த்துவிட்டு, இரண்டு பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வந்த முதல் வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். அம்மாவின் அடக்கத்துக்கு உதவியவர்களின் வீடுகளுக்கெல்லாம் போனாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பை. உள்ளே சாக்லேட்டு, சோப்பு, ஒரு கம்பளிச் சால்வை. "அம்மைக்குச் செஞ்சதுக்கெல்லாம் ரொம்பத் தேங்க்ஸ்" என்று தழுதழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது டிரைவருக்குக்கூட நன்றி சொல்கிற தேசத்தில் பழகிய வாய். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். முகத்தில் சிரிப்பில்லை. அவள் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலி அதற்குப் பிறகு வந்ததுதான்.

கார்த்திகை மாதத்தில் ஆலமரத்தடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எஸ்டேட் மைதானத்தில் பொங்கல் விளையாட்டு விழா. பெண்களுக்கான வடம் இழுத்தல், பரிசு ஆளுயர ஏத்தன் வாழைக்குலை. வருடாவருடம் அந்தக் குலையை எஸ்டேட்டுப் பெண்கள்தான் தூக்கிப் போவார்கள். அன்னக்கிளி என்று ஒருத்தி அவர்களுக்குத் தலைவி. தினமும் மலையேறி இறங்கிப் பால் வெட்டுகிற கால்கள். அவர்களை எதிர்த்து அயினிவிளை இதுவரை பெயர்கூடக் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரெஜிலா பெண்கள் சங்கத்தில் எழுந்தாள். "நாம இழுப்போம். நான் சொல்லித் தாறேன்" என்றாள். கொல்லென்று சிரிப்பு. ராகேல் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம் சொன்னா சரிதான்" என்றாள். அதில் இருந்த குத்தல் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தையல்கடை ஷிபாவுக்கு வாய் துறுதுறுத்தது. "எனக்கு அந்த வாழக்கொலையத் தூக்கிட்டு என் நாத்தினா வீட்டு முன்னால நடக்கணும்" என்றாள். ஷிபா பெயர் கொடுத்ததும் இன்னும் ஆறு பேர் கொடுத்தார்கள். எட்டாவதாக, செயலாளர் ஒதுங்கி நின்றால் அவமானம் என்று பயந்து, ராகேல்.

பயிற்சி ரெஜிலா வீட்டுத் தோட்டத்து விளையில். அயினி மரக்கொம்பில் ஒரு கிணற்றுக் கப்பி, அடிமரத்து மூட்டில் இன்னொன்று. பழைய தார் டிரம்மில் மணலை நிரப்பி வடத்தில் கட்டித் தொங்கவிட்டாள். எட்டுப் பேரும் சாய்ந்து டிரம்மை மேலே ஏற்றி, அப்படியே நிற்க வேண்டும். செல்வனின் பழைய பூட்சுகள், அவரவர் மகன்களின் பள்ளிக்கூட ஷூக்கள் என்று கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் வாரம் டிரம் அசையவில்லை. இரண்டாம் வாரம் அசைந்தது, கூடவே அணியில் ஒருத்தியான ஜெஸ்பினின் தோளும் பிசகியது. ரெஜிலா தைலம் தேய்த்துவிட்டு, "தேங்க்யூ, தேங்க்யூ, நல்லாச் செஞ்சீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். டிரம் ஏறியது. மனசுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அடுத்த ஊரில் ஒரு சின்னப் போட்டி. பழகிப் பார்க்கலாம் என்று போனார்கள். அங்கே நடந்ததை அயினிவிளை இன்னும் நூறு வருடத்துக்குச் சொல்லிச் சிரிக்கும். வடத்தைப் பிடித்ததும் ராகேல், "ஜெபிப்போம்" என்றாள். மற்ற ஏழு பேரும் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்கள். ராகேலின் ஜெபம் சின்ன ஜெபம் அல்ல. வியாதியஸ்தர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரும். எட்டுத் தலையும் குனிந்து நிற்பதைக் கண்ட நடுவர், ஆஹா, தயாராகிவிட்டார்கள் என்று விசிலை ஊதிவிட்டார். 'ஆமென்' சொல்லும்போது அவர்கள் எதிரணியின் காலடியில், செம்மண்ணில், ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள்.

இரண்டாவது இழுப்பிலும் தோல்வி. வெளியே நின்ற ரெஜிலா பதற்றத்தில் நோரீனாகவே மாறி, "ஸ்டெடி! ஹோல்ட்! ஹீவ்!" என்று கத்தினாள். எது நிற்க, எது இழுக்க என்று தெரியாமல் நாலு பேர் நின்றார்கள், நாலு பேர் இழுத்தார்கள்.

திரும்பும் ஜீப்பில் எல்லோரும் கையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். புடவையெல்லாம் செம்மண். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று ரெஜிலா வாயைத் திறந்தாள். "பரவாயில்ல. வந்ததுக்கு எல்லாருக்கும் ரொம்பத் தேங்க்ஸ்..."

"நிறுத்துட்டி!" என்றாள் ராகேல்.

ஜீப் ஓட்டியவனே ஒருகணம் பிரேக்கில் காலை வைத்துவிட்டான்.

"இன்னொருக்க அந்தத் தேங்க்ஸச் சொன்னியானா இந்த ஜீப்புலேருந்து தள்ளி விட்டுருவேன், கேட்டியா? ஒங்கம்மைக்குக் குழி வெட்டினது என் மாப்பிள. எவனும் கிட்ட வர மாட்டேன்னு நின்ன நேரம். குளிப்பாட்டி, சேல உடுத்தி, தல சீவி விட்டது நானும் ஷிபாவும். நீ வந்த ஒடனே என்ன செஞ்ச? வாசல்ல நின்னு ஒரு பையத் தந்துட்டு, தேங்க்ஸுன்னு சொல்லிட்டுப் போன. நாங்க என்ன கூலிக்காட்டி குளிப்பாட்டினோம்? நேசம்ம சித்தி எங்களுக்கு ஆருமில்லியா? உள்ள வந்து இருந்து, என்னக் கெட்டிப் பிடிச்சு ஒரு அழுகை அழுதிருந்தா என்னட்டி கொறஞ்சு போயிருப்ப? கணக்கத் தீத்துட்டுப் போறவளுக்கு நாற்காலிதான் போட முடியும்."

ரெஜிலாவுக்கு நோரீன் வீட்டில் கழுவிய அந்த டீக்கப்புகள் நினைவுக்கு வந்தன. பஸ் டிரைவருக்கு நன்றி சொல்கிற அந்த ஜனம், அன்றைக்கு அவளுக்கு மட்டும் நன்றி சொல்லவில்லை. நோரீன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு நொந்துபோயிருப்போம் என்று இப்போது புரிந்தது. இத்தனை வருடம் அதைக் கவனிக்கக்கூட இல்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஜீப்புக்குள்ளேயே ராகேலின் தோளில் விழுந்து, தாமதமாக வந்த அழுகையை அழுது தீர்த்தாள். ராகேலும் அழுதாள். ஷிபா இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள்.

மூக்கைச் சிந்திவிட்டு முதலில் தேறியது ராகேல்தான். "போதும் அழுதது. இன்னொண்ணும் சொல்லிருதேன். நீ வெளிய நின்னு இங்கிலீஷுல விளிச்சா எவளுக்கும் காலு அனங்காது. இனி விளிக்கது நானாக்கும். நீ வடத்தப் பிடி. கடைசி ஆளா நில்லு. அந்த ஊரு வெண்ணெயெல்லாம் ஒன் இடுப்புலதான இருக்கு."

ஜீப்பே குலுங்கச் சிரித்தார்கள். பல மாதம் மரியாதையில் புழுங்கிக் கிடந்தவளுக்கு அந்தக் கேலி இனித்தது.

பொங்கல் வரைக்கும் அயினிவிளையில் ராகேலின் குரல்தான். காலையில் கோழிக்கு முன்னால் அது எழும்பியது. பிள்ளைகளை மூன்று விளைக்கு அப்பாலிருந்து கூப்பிட்டுப் பழகிய தொண்டை. டிரம்மில் மணலோடு கல்லும் சேர்ந்தது. நிற்பதற்கு ஒரு சத்தம், அடி வைக்க ஒரு சத்தம் என்று அவளாகவே அமைத்துக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் திட்டு. போதகர்கூட அந்தப் பக்கம் நடப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்.

பொங்கல் அன்று எஸ்டேட் மைதானத்தில் நிற்க இடமில்லை. அன்னக்கிளியின் அணி வரிசையாக வந்து நின்றபோது அயினிவிளைப் பெண்கள் ஓரடி பின்னால் ஒதுங்கினார்கள். ராகேல் வரிசையின் முன்னால் நடந்தாள். "ஜெபம் வீட்டுலயே முடிஞ்சாச்சு. இங்க எவளாவது கண்ண மூடினா கண்ணு முழியத் தோண்டிருவேன்" என்றாள்.

முதல் இழுப்பில் எஸ்டேட் ஜெயித்தது. இரண்டாவதில் அயினிவிளை நின்றது, நின்றுகொண்டே இருந்தது, களைத்துப்போன எஸ்டேட் அணி கடைசியில் வழுக்கி வந்தது. மைதானம் கூரை பிய்ந்ததுபோல் கத்தியது. மூன்றாவது இழுப்புதான் முடிவு.

விசில் ஊதியது. வடம் விறைத்தது. அன்னக்கிளி இந்த முறை ஏமாறவில்லை. அவளும் நிறுத்தினாள். பதினாறு பெண்கள் மண்ணில் குதிகாலைப் புதைத்துச் சாய்ந்து நிற்க, நடுவில் கட்டிய சிவப்புத் துணி இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. ரெஜிலா வடத்தின் நுனியைத் தோளில் சுற்றிக் கடைசியில் கிடந்தாள். உள்ளங்கை தோல் உரிவது தெரிந்தது.

"ஷிபா! குனியாத! ஒன் நாத்தினா அந்தா மாமரத்து மூட்டுல நிக்கா, பாத்துக்கோ!" என்று கத்தினாள் ராகேல். ஷிபாவின் முதுகு நிமிர்ந்தது. "ஜெஸ்பின்! பஸ்ஸுக்கு ஓடுத காலாட்டி அது? நில்லுட்டி!" ஜெஸ்பின் நின்றாள்.

வடம் ஓர் அங்குலம் எஸ்டேட் பக்கம் நகர்ந்தது. இன்னும் ஓர் அங்குலம். ரெஜிலாவின் ஒரு குதிகால் மண்ணைவிட்டுக் கிளம்பியது. ராகேல் வரிசை நெடுக ஓடி வந்து அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏட்டி ரெஜிலா! போவியா? பெட்டியக் கட்டிட்டுப் போவியோ? செல்வண்ணன் எல்லாம் சொல்லியாச்சு! போறதுன்னா இப்பவே வடத்த விடு! விட்டுட்டுப் போ! இந்த ஏழு பேரும் மூக்குத் தேய விழட்டும்! விடுட்டி!"

ரெஜிலா விடவில்லை. கிளம்பிய குதிகாலை ஓங்கி மண்ணில் இறக்கினாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. உடம்பு முழுவதையும் வானத்தைப் பார்க்கச் சாய்த்துப் படுத்தாள். முன்னால் இருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக அவளோடு சாய்ந்தன. நகர்ந்த வடம் நின்றது. எதிரே அன்னக்கிளி மூச்சு வாங்குவது ராகேலின் கண்ணில் பட்டது. அதற்குத்தானே காத்திருந்தாள்.

"அடி!" என்றாள். எட்டுக் கால் ஒன்றாகப் பின்னால் போனது. "அடி!" இன்னொன்று. "அடி! அடி! அடி!" மைதானமே அவளோடு சேர்ந்து சொன்னது. செல்வன் வடத்துக்குப் பக்கத்திலேயே ஓடி, ஒரு செருப்பை எங்கோ விட்டுவிட்டான். சிவப்புத் துணி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிய பிறகும், நடுவரின் விசில் யாருக்கும் கேட்காமல், கமுகு மரங்கள் நிற்கிற ஓரம் வரைக்கும் அயினிவிளைப் பெண்கள் இழுத்துக்கொண்டே போனார்கள். யாரும் நிறுத்தியிருக்காவிட்டால் வீடு வரைக்கும் இழுத்திருப்பார்கள்.

அன்னக்கிளி எழுந்து வந்து ரெஜிலாவைத் தூக்கி நிறுத்தினாள். "கொள்ளாம் மக்கா, நல்லா இழுத்திய! வாற வருசம் பாக்கலாம்" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ரெஜிலா சிரித்தாள். அழவும் செய்தாள். எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏத்தன் குலையை ஜீப்பின் முன்னால் கட்டினார்கள். உள்ளே கொள்ளாதவர்கள் பின்னால் தொங்கினார்கள். ஷிபாவின் நாத்தனார் வீட்டைத் தாண்டும்போது டிரைவர், சொல்லாமலே, ஆரன் அடித்தபடி ஜீப்பைப் பைய விட்டான். ஷிபா எழுந்து நின்று, மகாராணி மாதிரி கையை அசைத்தாள். 'ஜெயம்' என்று வருகிற பாட்டெல்லாம் ஒன்றுவிடாமல் பாடினார்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் ராகேல் ரெஜிலாவின் பக்கம் நெருக்கி உட்கார்ந்தாள். தொண்டை கட்டிப்போய்க் குரல் கரகரத்தது.

"எங்கம்ம கெடைல கெடக்கா, தெரியும்லா? டாக்டரு இனி ரொம்ப நாள் இல்லன்னு சொல்லிட்டாரு."

ரெஜிலா அவள் கையைப் பிடித்தாள். இரண்டு கையும் தோலுரிந்து எரிந்தன.

"அவ போற அன்னைக்கி நீ வரணும். கையுறையும் மாட்டிட்டு நர்சாட்டு இல்ல. குளிப்பாட்ட, தல சீவ. வருவியா?"

"வருவேன்."

"விமானத்துலயா?"

"நடந்துட்டி" என்றாள் ரெஜிலா. "எங்க வீட்டுலேருந்து ஒங்க வீட்டுக்கு நடந்து வருவேன்."

ராகேல் அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, கட்டிப்போன அந்தத் தொண்டையாலேயே, எல்லோருக்கும் மேலாகப் பாட்டை எடுத்தாள்.